வில்லின் முதுகுக்குத் தசைநாண் நார் பிரிப்பது எப்படி?

கேள்வி: மரவில்லின் முதுகில் ஒட்டுவதற்காக, மாட்டின் கால் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நார்ப்பட்டையை) அடுப்பருகே வைத்துக் காயவைத்து, இரும்புச் சுத்தியலால் அடித்தேன். நீளமான நார் கிடைக்காமல் துண்டு துண்டாக உதிர்கிறது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: அடுப்பின் சூடும் சுத்தியலின் விளிம்புமே காரணமாக இருக்க வேண்டும். தசைநாண் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. ஈரம் இருக்கும்போதே 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு பட்டால் சுருங்கி வலுவிழந்துவிடும், பிறகு எந்தப் பக்குவம் செய்தாலும் மீளாது. அப்படிக் கெட்டதைக் காய்ச்சிப் பசையாக்கிக்கொள்ளலாம்.

அடுத்த முறை, உறையையும் கொழுப்பையும் பச்சையாக இருக்கும்போதே வழித்தெடுத்துவிட்டு, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். தடித்த தசைநாண் காய வாரக்கணக்கில் ஆகலாம். அவசரப்படாதீர்கள், ஏனெனில் நடுவில் ஈரம் மிஞ்சியிருந்தால் அடிக்கும்போது நார் பிரியாமல் நசுங்கும். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும்படி, கொம்பைப் போல இறுகியிருப்பதே சரியான பதம்.

அடிப்பதற்கு வழவழப்பான உருண்டைக் கல்லோ மரச்சுத்தியலோ வேண்டும். கூரிய விளிம்பு பட்டால் உள்ளே நார் அறுந்துபோகும். பிரிக்கும்போதுதான் அது தெரியவரும். திருப்பித் திருப்பி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாக அடித்துவந்தால், பழுப்பு நிறம் வெளுத்து, தசைநாண் இளகி, நார்கள் தாமாகவே விலகத் தொடங்கும். அதன்பின் கையால் மட்டுமே பிரியுங்கள். எண்ணெய்ப் பசை தெரிந்தால் இளஞ்சூடான சோப்பு நீரில் அலசி, நன்றாகக் கழுவி, மீண்டும் உலர்த்துங்கள். இதைத் தவிர்த்தால் பசை பிடிக்காது என்பதால் இந்த வேலையை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

பிரித்த நாரைச் சீப்பால் வாரி, நீளவாரியாகச் சிறு கற்றைகளாகக் கட்டிக்கொள்ளுங்கள். கற்றையைத் தோல் பசையில் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையில்) தோய்க்கும்போது, பசை விரல் தாங்கும் சூட்டிலேயே இருக்கட்டும். மிகுதிப் பசையை வழித்துவிட்டு, வில்லின் நீளவாக்கில், எய்பவருக்கு எதிர்ப்புறமாக உள்ள முதுகில், ஒரு கற்றையின் முனை அடுத்த கற்றையின் முனைக்கு நேராக வராதபடி செங்கல் வரிசை போல மாற்றி மாற்றிப் பதியுங்கள். வில்லை வளைக்கும்போது இழுவிசை முழுவதும் இந்தப் பக்கத்தில்தான் விழுகிறது; மரம் முறியும் அளவுக்கு இழுத்தாலும் நார் நீண்டு கொடுப்பதே இத்தனை உழைப்புக்கும் கிடைக்கும் பலன். ஒட்டிய நார் உலர உலரச் சுருங்கி வில்லை எதிர்ப்புறமாக இழுக்கும். வாரக்கணக்கில் காத்திருந்து, முழுதும் உலர்ந்தபின் மட்டுமே நாணேற்றுங்கள். தசைநாணும் பசையும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை என்பதால், முதுகின்மீது மெல்லிய தோலையோ மரப்பட்டையையோ ஒட்டிவிடுவது நல்லது.