எலிக்கு மருந்து வைத்தால் உண்ணிக் காய்ச்சல் நிற்குமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் புதர் மண்டிய காலிமனை, எங்கும் எலி வளைகள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 'ஸ்க்ரப் டைபஸ்' எனும் உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கிறது. எலிகளுக்கு மருந்து வைத்தால் போதுமா?

பதில்: போதாது. புதரை விட்டுவிட்டு எலியை மட்டும் ஒழித்தால், ஒட்டிக்கொள்ள எலி கிடைக்காத உண்ணிகள் மனிதர்மேல் ஏறும் வாய்ப்பு சில காலத்துக்குக் கூடவும் செய்யும்.

இந்நோயைப் பரப்புவது நாயிடமும் மாட்டிடமும் நாம் பார்க்கும் உண்ணி அன்று, ஏறத்தாழ 0.2 மி.மீ. அளவேயுள்ள ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. பொறியில் சிக்கிய எலியின் காது மடலை உருப்பெருக்கியால் பார்த்தால், செம்மஞ்சள் தூள் ஒட்டியதுபோல் இவை மொய்த்திருப்பது தெரியும். குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒரு முறை உடல்நீரை உறிஞ்சிவிட்டு உதிரும் இது, அதன்பின் எந்த விலங்கையும் கடிப்பதில்லை. ஆனால், 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்னும் பாக்டீரியா தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிடுகிறது. அமெரிக்காவின் லைம் நோயில் உண்ணிக் குஞ்சுகளுக்கு வெள்ளைக்கால் எலியின் இரத்தத்திலிருந்தே கிருமி தொற்றுகிறது. இங்கோ கிருமியின் முதன்மை இருப்பிடம் சிற்றுண்ணிதான், எலி அதற்கு இரையும் வாகனமும்.

ஆகவே முதலில் புதரை வெட்டி அகற்றுங்கள். முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் அணிந்து வெட்டி, முடித்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியை வெந்நீரில் அலசுங்கள். பிறகு எலிக்கு உணவாகும் குப்பையையும் சிந்திய தானியத்தையும் அகற்றுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொட வேண்டாம். உடல் குளிர்ந்ததும் அதிலுள்ள ஒட்டுண்ணிகள் வேறு இடம் தேடிக் கிளம்பும்.

கடிபட்ட ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வரலாம். அப்போது அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டதுபோன்ற கரும்பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். வலியோ அரிப்போ பெரும்பாலும் இராது என்பதால் நோயாளிக்கே தெரியாமல் போகும். எல்லோருக்கும் அது தோன்றுவதும் இல்லை. புதர் பக்கம் சென்றதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டாக்சிசைக்ளினுக்கும் அசித்ரோமைசினுக்கும் கட்டுப்படும் இந்நோய், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அமாக்சிசிலினுக்கு அடங்காது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும்.

அந்த அம்மாவிடமிருந்து உங்களுக்கு இது தொற்றாது. தயங்காமல் போய்ப் பாருங்கள். துவைத்த துணியை அந்தப் புதர்மேல்தான் உலர்த்துகிறாரா என்றும் கேட்டு வாருங்கள்.