எடுத்த 12 கருமுட்டையில் 3 முதிரவில்லையாம். நான் விரதம் இருந்ததாலா?

கேட்டிருக்கும் தங்கச்சி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும்) சிகிச்சையில் இருக்கிறார். தைப்பூசக் காவடிக்காக 10 நாள் விரதம் இருந்ததால்தான் முட்டை முத்தவில்லை என்கிறாராம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் மாமியார்.

இல்லை தங்கச்சி. அதே உடம்பில், அதே விரதத்தில்தானே மற்ற 9 முட்டையும் முதிர்ந்தன? நானும் இந்த ஊரில் ஒரு கருத்தரிப்பு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஊசியில் உறிஞ்சி எடுத்த நீரைத் தட்டில் விட்டால் முட்டை தனியாக வராது. நுங்குச் சதை மாதிரி வழுவழுவென்று ஒரு கொத்து வரும், முட்டை அதன் நடுவில் இருக்கும். நொதி விட்டு, மெல்லிய கண்ணாடிக் குழாயால் உள்ளும் வெளியுமாக இழுத்துத்தான் சுற்றுச் செல்களைக் கழற்றுவோம். முட்டையின் ஓரத்தில் சின்ன மணி ஒன்று ஒட்டியிருந்தால் அது முதிர்ந்தது. உள்ளே உட்கரு பெரிய வட்டமாக அப்படியே தெரிந்தால், இன்னும் முதிரவில்லை.

அந்தச் சுற்றுச் செல்கள் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல. முட்டையின் உறையைத் துளைத்து, நூல் போன்ற விரல்களை நீட்டி அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். தொடும் இடத்தில் கனெக்ஸின் 37 என்ற புரதத்தால் ஆன நுண்ணிய வாசல்கள் உண்டு. குளுக்கோஸை முட்டையால் தானாகச் சரிவரப் பயன்படுத்த முடியாது, அதனால் சுற்றுச் செல்கள் அதைப் பைருவேட் என்ற, முட்டைக்கு ஏற்ற எரிபொருளாக மாற்றிக் கொடுக்கின்றன. 1997-ல் எலிகளில் இந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். ஃபாலிக்கிள், அதாவது சினைப்பையில் முட்டை வளரும் சிறு பை, பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிட்டது, முட்டையும் முதிரவில்லை. பேச்சு ஒருவழிப் பாதையும் இல்லை. முட்டை அனுப்பும் ஜி.டி.எஃப். 9 என்ற புரதம் இல்லாவிட்டால் சுற்றுச் செல்கள் ஓரடுக்கோடு நின்றுவிடும். அது 1996-ல் எலிகளில் தெரிந்தது.

உங்கள் கேள்விக்கு வேண்டியது இனிதான். ஃபாலிக்கிளிலிருந்து வெளியே எடுத்த முயல் முட்டை தானாகவே முதிரத் தொடங்குவதை 1935-லேயே பிங்கஸ் என்ற ஆய்வாளர் கண்டார். அப்படியென்றால் உள்ளே அதை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். அதுவும் இந்தச் சுற்றுச் செல்கள்தான். சி.ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறை அதே வாசல் வழியே அனுப்பி, "இன்னும் பொறு" என்று நிறுத்தி வைக்கின்றன. முட்டையை முதிர்ந்து வெளியேறத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோன் வந்ததும் சி.ஜி.எம்.பி. குறைகிறது, வாசல்களும் மூடுகின்றன, பிடி விடுகிறது. முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன் உங்களுக்குப் போட்ட ஊசி செய்வது இதைத்தான்.

ஆனால் எல்லா ஃபாலிக்கிளும் ஒரே அளவில் வளர்வதில்லை. சிறியவற்றின் செல்களுக்கு அந்த ஊசியின் சேதியைக் கேட்கும் ஏற்பிகள் போதிய அளவு வந்திருக்காது. அந்த 3 முட்டையும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவையாக இருக்கும். ஊசி போட்ட நேரத்தையும் அன்றைய ஸ்கேனில் ஒவ்வொரு ஃபாலிக்கிளும் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள்.