எண்ணாமல் எழுதும் 20

இந்த வாரக் கடிதங்களில் மூன்று நர்ஸிங் சம்பந்தப்பட்டவை. 31 வருஷம் வார்டில் நின்ற கால் சும்மா இருக்குமா, மூன்றுக்கும் ஒன்றாகவே பதில் எழுதிவிட்டேன்.

கேள்வி: சிஸ்டர், நான் பி.எஸ்சி. நர்ஸிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போஸ்டிங்கில் 40 பேஷண்டுக்கு டிபிஆர் (காய்ச்சல், நாடி, மூச்சு), பிபி பார்க்க இரண்டு பேரை விடுகிறார்கள், ரவுண்ட்ஸுக்குள் முடித்தாக வேண்டும். மூச்சை யாரும் எண்ணுவதே இல்லை, எல்லோருக்கும் நிமிஷத்துக்கு 20 என்று எழுதிவிடுகிறார்கள். நான் எண்ணினால் "ரொம்ப சின்சியர்" என்று கேலி. நான் ஒருத்தி எண்ணி என்ன ஆகப்போகிறது?
— மாணவி, சேலம்

பதில்: என் காலத்திலும் அந்த 20 இருந்தது, அதற்கு வயதே ஆகவில்லை போல. முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷம் படிக்கும்போது மத்தியானம் 2 மணிக்கு ஒரு கட்டிலுக்கு 120/80 என்று அழகாக எழுதி வைத்தேன். அந்தக் கட்டில்காரர் காலை 11 மணிக்கே டிஸ்சார்ஜ் ஆகி பஸ் ஏறியிருந்தார். இன்சார்ஜ் சிஸ்டர் திட்டவில்லை, "தலையணைக்கா பிபி பார்த்தே?" என்று மட்டும் கேட்டார். படிப்பு முடியும்வரை என்னை 'தலையணை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

எழுதாவிட்டால் செய்யாத மாதிரி என்று டியூட்டர்கள் முதல் நாளிலிருந்து சொல்கிறார்களே, அதைப் பிள்ளைகள் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், எழுதிவிட்டால் செய்த மாதிரி என்று. செய்யாத ப்ரொசீஜரை எல்லாம், செய்து பழகியதைக் குறிக்கும் லாக் புக்கில் ஏற்றிக் கையெழுத்து வாங்குவதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

மூச்சை லேசாக நினைக்காதே மா. உடம்புக்குள் கிருமி பரவும்போதும், நுரையீரலில் நீர் கோக்கும்போதும், பிபி இறங்குவதற்கு முன்னாலேயே பல பேருக்கு மூச்சு ஏறத் தொடங்கிவிடும். 20 என்று இருந்தது 24 ஆகி, 28 ஆகிறது என்று சார்ட் காட்டினால் டாக்டர் கட்டிலருகே நிற்பார். நாலு வேளையும் 20 என்று இருந்தால் தாண்டிப் போய்விடுவார், அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

நாடி பார்ப்பது போலவே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்து எண்ணு, எண்ணுகிறாய் என்று தெரிந்தால் அவர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள். சீராக இருந்தால் 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கு, தாறுமாறாக இருந்தால் முழு நிமிஷம் எண்ணு. 40 பேருக்கும் முடியவில்லையா, ஆபரேஷன் ஆனவர், காய்ச்சல்காரர், ஆக்ஸிஜனில் இருப்பவர், வயதானவர் என்று முதலில் பார், மிச்சத்தைக் காலியாக விட்டுவிட்டு "சிஸ்டர், இந்த 12 பேருக்கு இன்னும் பார்க்கவில்லை" என்று இன்சார்ஜிடம் சொல். திட்டு விழும், விழட்டும். காலிக் கட்டத்தைப் பார்த்தால் யாராவது போய்ப் பார்ப்பார்கள், 20 என்று எழுதியிருந்தால் யாரும் போகமாட்டார்கள்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மூன்று நாள் முன்பு நைட் டியூட்டியில் ஒரு பெரியவருக்குச் சாப்பாட்டுக்கு முன் 8 யூனிட் இன்சுலின் போட்டேன். வீட்டிலிருந்து அவர்கள் கொண்டுவந்த மருந்து மில்லிக்கு 100 யூனிட் உள்ள பாட்டில், நான் எடுத்தது வார்டில் கிடந்த, மில்லிக்கு 40 யூனிட் கணக்கில் கோடு போட்ட 40 சிரிஞ்ச். இரவு 10 மணிக்கு வியர்த்துக் கொட்டியது, சுகர் 52. டியூட்டி டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார், சரியாகிவிட்டது. காரணம் கேட்டபோது "சரியாகச் சாப்பிடவில்லை" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவருடைய டோஸைக் குறைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் உண்மையைச் சொன்ன நர்ஸுக்கே தண்டனை கொடுத்தார்களாமே, அதிலிருந்து வாய் திறக்கவே பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: இதைப் படிக்கும்போது நீ டியூட்டியில் இருந்தால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு டாக்டரிடம் போ. போகும் வழியில் மிச்சத்தைப் படி.

40 சிரிஞ்சில் 8 கோடு என்றால் 0.2 மில்லி. 100 யூனிட் பாட்டிலிலிருந்து 0.2 மில்லி எடுத்தால் 20 யூனிட். 8 போட வேண்டிய இடத்தில் இரண்டரை மடங்கு போயிருக்கிறது. 40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி, நம் ஊரில் இரண்டும் புழங்குவதால் அனுபவசாலிகளே சறுக்கும் இடம் இது. உன் தவறு நடக்கக்கூடிய தவறுதான்.

எனக்குக் கவலை அதற்கடுத்து நடந்தது. 8 யூனிட்டுக்கே சுகர் 52-க்கு இறங்குகிறது என்று நம்பி டோஸைக் குறைத்திருக்கிறார்கள். அந்த மனிதருக்கு 8 தேவையோ என்னவோ, நீ சொன்ன ஒரு வரியை வைத்து மூன்று நாளாக வைத்தியம் நடக்கிறது. இந்நேரம் சுகர் ஏறியிருக்கும், அதற்கு இன்னொரு காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அந்த அமெரிக்கக் கதை நிஜம்தான். டென்னசி மாநிலம் நாஷ்வில்லில், 2017 டிசம்பரில், ரடோண்டா வாட் என்ற நர்ஸ் 75 வயது அம்மா ஒருவருக்கு ஸ்கேனுக்கு முன் பதற்றம் குறைக்கும் 'வெர்செட்' எடுக்கப் போனார். மருந்து அலமாரி இயந்திரத்தில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டித் தேடியும் அது வரவில்லை, கட்டுப்பாட்டைத் தாண்டித் தேடியபோது வந்த 'வெக்குரோனியம்' என்ற, தசைகளை முடக்கும் மருந்தை எடுத்துப் போட்டுவிட்டார். வெர்செட் திரவம், இது கரைக்க வேண்டிய பொடி. மூடியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருந்தது. அந்த அம்மா இறந்துபோனார். தவறு தெரிந்ததும் ரடோண்டா தானே ஒப்புக்கொண்டார். மருத்துவமனைதான் அரசுக்குச் சொல்லவில்லை, அடுத்த வருஷம் பெயரில்லாத ஒரு புகார் போய்த்தான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய நர்ஸ் பதிவை ரத்து செய்தார்கள். 2022-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, மூன்று வருஷம் கண்காணிப்பு, சிறை இல்லை. உண்மை சொன்ன நர்ஸைக் கூண்டில் ஏற்றினால் அடுத்த நர்ஸ் வாயை மூடிக்கொள்வாள் என்று அங்கேயே நர்ஸ்கள் கொதித்தார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். உன் கடிதமே அதற்குச் சாட்சி.

நம் ஊர்ச் சட்டமும் மெத்தை விரித்து வைத்திருக்கவில்லை. அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை தண்டனை. பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டு வருஷம் வரை என்று குறைத்திருக்கிறார்கள், நர்ஸ் அந்த வரியில் இல்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை. உன் பெரியவர் உயிரோடு, உன் வார்டிலேயே இருக்கிறார். இன்று சொன்னால் அது சரிசெய்யக்கூடிய தவறு. டோஸ் குழப்பத்தில் அவருக்கு ஏதாவது ஆகி அப்புறம் தெரிந்தால், மறைத்ததும் சேர்ந்துகொள்ளும்.

டாக்டரிடம் நேராகச் சொல்: "அன்றைக்கு 8-க்குப் பதில் 20 போயிருக்கிறது, சாப்பிடவில்லை என்று நான் சொன்னது சரியில்லை." இன்சார்ஜிடமும் சொல்லிவிட்டு, நடந்த தவறைப் பதிவு செய்யும் இன்சிடென்ட் ஃபார்ம் நிரப்பு. நோட்ஸில் பழைய வரியை அடித்துத் திருத்தாதே, பக்கத்தைக் கிழிக்காதே. இன்றைய தேதி, நேரம் போட்டு, 'லேட் என்ட்ரி' என்று குறித்து நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடு. வீட்டாரிடம் யார் சொல்வது என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள், ஆனால் சொல்லியாக வேண்டும். மெமோ வரலாம். சில இடங்களில் வேலையே போகலாம், போகாது என்று நான் சத்தியம் செய்து தர முடியாது. இரண்டு சிரிஞ்சும் ஒரே டிராயரில் கிடந்தன என்பதையும் மறக்காமல் ஃபார்மில் எழுது. உன்னோடு சேர்ந்து அந்த டிராயரும் விசாரிக்கப்படட்டும்.

கேள்வி: மகள் நர்ஸிங் முதல் வருஷம். பிரசவ வார்டில் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரீல்ஸ் போட்டிருக்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். எனக்கு மட்டும் உறுத்துகிறது.
— ஒரு தாய், விருதுநகர்

பதில்: உறுத்துவது சரிதான் அம்மா. அந்தக் குழந்தையின் கையில் கட்டிய பட்டையில் அதன் தாயின் பெயர் இருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள். இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் கல்லூரி கண்டுபிடிப்பதற்கு முன் அவளே போய் டியூட்டரிடம் சொல்லட்டும்.