85 கோடி ஹாஷும் 8 ஜிபி லெப்டொப்பும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாஸ்வேர்ட் ஹாஷ் பட்டியல் பற்றியவை. ஹாஷ் என்றால், பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்கமுடியாதபடி மாற்றி எழுதிய எழுத்துக் கோவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: சேர், கசிந்த பாஸ்வேர்டுகளைத் திரட்டும் ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தின் ஹாஷ் பட்டியலை பைத்தன் நிரலில் ஒரு செட்டுக்குள், அதாவது ரேமில் வைக்கும் தொகுப்புக்குள், ஏற்றினால் லெப்டொப் ஸ்டக் ஆகிவிடுகிறது. இருப்பது 8 ஜிபி ரேம். இன்னொரு 8 போட்டால் சரியாகுமா? – ஹட்டன்

ப: ஆகாது. 2021 கடைசியில் வந்த பதிப்பிலேயே 85 கோடி வரி, டெக்ஸ்ட்டாக 38 ஜிபிக்குக் கிட்ட. பைத்தனில் ஒவ்வொரு ஹாஷையும் தனி ஸ்ட்ரிங்காக வைத்தால் 100 ஜிபி தாண்டிவிடும். காசைக் கடையில் கொட்டாமல், ஹாஷ் வரிசையில் அடுக்கிய கோப்பை டிஸ்க்கிலேயே விட்டு பைனரி சேர்ச் செய்யுங்கள், அதாவது நடுவில் பார்த்துப் பாதியைக் கழித்துக்கொண்டே போங்கள், 30 தாவலில் விடை வந்துவிடும். ஹாஷின் 40 எழுத்தை 20 பைட்டாக மாற்றி வைத்தால் கோப்பும் 17 ஜிபிக்கு இறங்கும்.

கே: மூன்று பட்டியல்களைச் சேர்த்து லினக்ஸில் சோர்ட் கொடுத்தேன். ராத்திரி முழுக்க ஓடியது. ஆனால் தேடினால் 123456 கூட இல்லை என்கிறது! – பதுளை

ப: இருக்கிறது, அதன் ஹாஷ் 7சி4ஏ8டி என்று தொடங்கும், நீங்கள் தேடியதுதான் தப்பு. ஹேவ் ஐ பீன் போன்ட் பட்டியல் கெப்பிட்டல் எழுத்தில் இருக்கும், பைத்தன் தருவதோ சின்ன எழுத்தில். அது சரியாக இருந்தால் வரிக் கடைசியில் விண்டோஸ் ஒட்டிவிட்ட கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் பாருங்கள். அப்புறம் சோர்ட்டுக்கு முன் லோகேலை (எந்த மொழியின் வரிசை விதி என்று சொல்லும் செட்டிங்கை) சி என்று வையுங்கள், இல்லாவிட்டால் மொழி விதியெல்லாம் பார்த்துப் பார்த்து ஊர்ந்துகொண்டிருக்கும், வரிசையும் மாறிப்போகும். ஏற்கெனவே அடுக்கிய பட்டியல்கள் என்றால் சோர்ட்டே வேண்டாம், மெர்ஜ் (அடுக்கியவற்றை அப்படியே கோர்ப்பது) போதும். தற்காலிகக் கோப்புகளுக்கு டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகிற ஊரில் இதை ராத்திரி முழுக்க ஓடவிடுவது உங்கள் துணிச்சல்.

கே: எங்கள் சங்கத்தில் 40,000 மெம்பர்கள், பாஸ்வேர்ட் எல்லாம் பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையில். அந்தப் பெரிய பட்டியலோடு ஒப்பிட ஸ்கிரிப்ட் ஓட்டினேன், முடிகிற மாதிரியே இல்லை. அதன் காஸ்ட்டை, அதாவது வேலைப் பளு அளவை, 12-இலிருந்து 6-க்கு இறக்கினால் வேகம் வருமா? – பண்டாரவளை

ப: வரும் தம்பி, 64 மடங்கு வரும், திருடனுக்கும் அதே 64 மடங்கு. மெதுவாக ஓட வேண்டும் என்பதற்காகவே 1999-இல் பிகிரிப்டைச் செய்தார்கள், காஸ்ட் ஒன்று கூடினால் நேரம் இரட்டிக்கும். அதைப் போய்க் கோளாறு என்று எத்தனை பேர்தான் எழுதுவீர்கள்! 2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து வெளியேறிய 65 லட்சம் ஹாஷும் வேகமான, சோல்ட் (ஆளுக்கொன்றாகச் சேர்க்கும் தற்செயல் எழுத்து) இல்லாத ஷா-1 என்ற முறையில் செய்தவை. அதில் பெரும்பகுதி உடைபட அதிக நாள் ஆகவில்லை. இன்னொன்று, இப்போது காஸ்ட்டைக் குறைத்தாலும் பழைய ஹாஷ்கள் அப்படியேதான் இருக்கும், காஸ்ட் அந்த ஹாஷுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஆக உங்கள் வேலையும் நடக்காது, புதிதாகச் சேர்கிறவர்கள் மட்டும் மாட்டிக்கொள்வார்கள். பட்டியலில் இருப்பது ஷா-1, உங்களிடம் இருப்பது ஆளுக்கொரு சோல்ட் போட்ட பிகிரிப்ட், இரண்டையும் எப்படி ஒப்பிட்டீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. மெம்பர் லொகின் ஆகும்போது பாஸ்வேர்ட் ஒரு கணம் கையில் இருக்குமல்லவா, அப்போது ஷா-1 எடுத்துத் தேடுங்கள், பட்டியலில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பாஸ்வேர்டை நடப்பதைப் பதியும் லொக் கோப்பில் எழுதிவிடாதீர்கள், போன தடவையும் சொன்னேன்.

கே: டேட்டா பெக்கேஜில் 38 ஜிபி இறக்க வசதியில்லை, என்ன செய்வது? – லிந்துலை

ப: இறக்கவே வேண்டாம் தங்கச்சி. ஷா-1-இன் முதல் 5 எழுத்தை மட்டும் அந்தத் தளத்துக்கு அனுப்பினால் அப்படித் தொடங்கும் ஹாஷ்கள் எல்லாம் திரும்பி வரும், மிச்ச எழுத்தை உங்கள் பக்கத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முழு ஹாஷ் வெளியே போகாது. இங்கேயும் கெப்பிட்டல் எழுத்து, கவனம்.

கே: பட்டியலைச் சுருக்கி வைக்கும் ப்ளூம் ஃபில்டர் போதுமா? – தலவாக்கலை

ப: நூற்றுக்கு ஒன்று பொய்யாக "இருக்கிறது" என்று சொல்வதைத் தாங்கமுடிந்தால் போதும், 1 ஜிபி சொச்சத்தில் முடியும்.

கே: ஒரு கம்பெனியின் ஹாஷ் லிஸ்ட் கைக்கு வந்தது, ஹாஷை உடைக்கும் ஹாஷ்கேட் மென்பொருளில் லோட் ஆக நேரம் எடுக்கிறது. – மஸ்கெலியா

ப: "கைக்கு வந்தது" என்றால்? 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தை முதலில் வாசியுங்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கே: ஹாஷ் லிஸ்ட் ஸ்லோ. உடனே உதவவும். – நுவரெலியா

ப: எத்தனை வரி, எந்த ஹாஷ், ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா? எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.