ஓடிக்கொண்டே சரிசெய்ய ஒரு பழைய கார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னுடைய முதல் பழைய காரின் இன்ஜின் கழற்றி மேசைமேல் கிடக்கிறது. டிங்கரிங் வேலையும் பாதியில் நிற்கிறது. தினமும் வேலைக்குப் போய்வர இன்னொரு பழைய வண்டியையே வாங்கி, ஓட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம் என்று நினைக்கிறேன். இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டன. இரண்டுமே 1990களின் தொடக்கம், பெட்ரோல், ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். முதலாவது அருமையாக ஓடுகிறது, புதுப் பெயிண்ட், ஆனால் கதவுக்குக் கீழே சில் பேனலில் இரண்டு மூன்று இடத்தில் பெயிண்ட் குமிழ் விட்டிருக்கிறது. இரண்டாவதில் பாடி சுத்தம். ஆனால் மூன்று வருடமாக நின்ற இடத்திலேயே அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் நீலப் புகை வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. எதை வாங்கலாம்?

செ.

அன்புள்ள செ.,

இரண்டாவதை வாங்குங்கள். தினசரி ஓட்டுகிற வண்டியில் எந்த வேலையைத் தொட்டாலும் திங்கட்கிழமை காலை அது கிளம்பியாக வேண்டும். புகைக்கு அப்படி வேலை பார்க்க முடியும், சில் பேனலுக்கு முடியாது.

பெயிண்ட் குமிழ் விட்டிருக்கிறது என்றால் துரு உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். கண்ணுக்குத் தெரிவது அதன் கடைசிக் கட்டம்தான். ஸ்குரூ டிரைவரின் பிடியால் சில் பேனல் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துருவை மறைக்கப் பட்டி வைத்த இடம் ‘டொப்’ என்று செத்துப்போகும். அங்கே காந்தமும் ஒட்டாது. வண்டியின் பாரத்தைத் தாங்குவதில் அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. வெட்டி வெல்டு வைக்க சீட்டு, கார்ப்பெட் எல்லாம் வெளியே வர வேண்டும். பக்கத்தில் ஓடும் பெட்ரோல் குழாயைக் கழற்ற வேண்டும். கதவு வாசலுக்குள் குறுக்குக் கம்பி வைத்துப் பிணைத்த பிறகுதான் வெட்டவே வேண்டும், இல்லாவிட்டால் கதவு பிறகு சரியாக மூடாது. வாரக்கணக்கில் வண்டி நிற்கும். வீட்டில் பிரித்துப் போட்ட கார் இரண்டாகிவிடும். விற்பதற்கு முன் அவசரமாக அடித்த பெயிண்ட் என்பதும் எனக்கு உறுத்துகிறது.

இனி புகை. ஸ்டார்ட் செய்ததும் வந்து உடனே நின்றுவிடும் நீலப் புகைக்குப் பெரும்பாலும் வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் காரணம். ரப்பர் இறுகிப்போனதால், வண்டி நிற்கும் நேரத்தில் ஆயில், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடுகிறது. ஓடும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் புகைகிறது என்றால் சந்தேகம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பக்கம் போக வேண்டும்.

வாங்குவதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் காற்றின் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கட்டும். பிளக் எல்லாவற்றையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்து, இக்னிஷன் காயில் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். கம்ப்ரஷன் மீட்டரைப் பிளக் ஓட்டையில் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று செல்ஃப் அடியுங்கள். 10 முதல் 13 பார் (அழுத்த அலகு) வரை காட்டினால் நல்லது. அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒன்று குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு). நெடுநாள் நின்ற இன்ஜினில் ரிங் ஒட்டிக்கொண்டு அளவு கொஞ்சம் குறைந்து காட்டுவதுண்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடினால் தேறிவிடும். எல்லாச் சிலிண்டரிலும் சமமாகக் கொஞ்சம் குறைந்தால் பயப்பட வேண்டாம்.

வால்வு சீல் மாற்ற ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, பிளக் ஓட்டை வழியாக ஆறேழு பார் காற்றைக் கொடுத்துப் பிடித்தால் வால்வு கீழே விழாது. ஸ்பிரிங்கை அமுக்குவதற்கு முன் ஹெட்டில் ஆயில் இறங்கும் ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நகத்தளவு வால்வு லாக் ஒன்று அதற்குள் விழுந்தால் இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் சம்ப்பைக் கழற்ற வேண்டிவரும்.

நின்ற இடத்திலேயே அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைப்பது வண்டிக்கு நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். நல்லதல்ல. இன்ஜின் முழுச் சூடு ஏறாததால் எரிப்பில் உண்டான நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஆயில், ஃபில்டர் இரண்டையும் உடனே மாற்றுங்கள். சைலன்சர் உள்ளே அரித்திருக்கும் என்று எதிர்பாருங்கள்.

சாலையில் இறக்குவதற்கு முன் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். முழுவதையும் வெளியேற்றிப் புதிது விடுங்கள். சிலிக்கானால் ஆன டாட் 5-ஐ மட்டும் இதில் கலந்துவிடாதீர்கள். ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடாகும். அது தெரியாமல், பிரேக் பேடை அமுக்கும் காலிப்பரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட் என்றால் எப்போது மாற்றினார்கள் என்ற கேள்வியே வேண்டாம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் சேர்த்து ஒரே முறையில் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட்டும் அப்போதே. பெட்ரோல் ஹோஸ் வாங்கும்போது இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தைத் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 ரகமா என்று பாருங்கள், கார்புரேட்டர் வண்டிக்கான ஹோஸ் தாங்காது. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் 2314 என்றிருந்தால் அது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வந்தது. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்த வயதுக்கு ஓய்வு கொடுங்கள்.

அந்தக் காலத்து வண்டிகளில் வயரிங்கையும் பார்க்க வேண்டும். 1990களின் முன்பாதியில் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ124 மாடல் கார்கள் சிலவற்றில் இன்ஜின் வயர்களின் மேலுறை தானாகவே பொடிந்து உதிரும், அதற்குப் பெயர்போனவை. நீங்கள் பார்த்தது எந்த கம்பெனியாக இருந்தாலும் இன்ஜினை ஒட்டிய வயரை லேசாக வளைத்துப் பாருங்கள், வெடிப்பு விட்டால் விலை பேசும்போது சொல்லுங்கள். மல்டிமீட்டரில் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் வயரைச் சுத்தம் செய்யுங்கள்.

வாங்கிய பிறகு, பாகம் கைக்கு வராமல் எதையும் கழற்றாதீர்கள். ஒரு சமயத்தில் ஒரு வேலைதான். இக்னிஷனையும் பெட்ரோல் பக்கத்தையும் ஒன்றாகத் தொட்டால், வண்டி மிஸ் ஆகும்போது எதனால் என்று தெரியாது. புகைக் குழாயை இன்ஜினோடு பிணைக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் முறிவதற்கென்றே பிறந்தது. முந்தின இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டு, சனிக்கிழமை காலையில் கை வையுங்கள், ஞாயிறு மாலையில் வேண்டாம்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுக்க முறுக்காதீர்கள். சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகு முறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும்.