எக்செக்கியாசின் கருப்பு: கேள்வி பதில்

கி.மு. 540 வாக்கில் ஏதென்சில் கருப்பு உருவப் பாணியில் (சிவந்த பானையில் உருவங்கள் கருப்பாக இருக்கும்) பானைகளுக்கு ஓவியம் தீட்டிய எக்செக்கியாஸ் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், அந்தக் கருப்பு என்ன பெயிண்ட்?

பெயிண்டே இல்லை. பானை வனைந்த அதே செம்மண்ணைக் கரைத்து, தெளியவிட்டு, மிக நைசான பகுதியை மட்டும் பூசுவார்கள். வித்தை சூளையில்தான். முதலில் காற்று விட்டு எரிக்கும்போது எல்லாம் சிவக்கும். அப்புறம் காற்றை அடைத்துப் புகையவிட்டால் மொத்தமும் கருக்கும். அந்தச் சூட்டில் பூச்சு மட்டும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். மறுபடி காற்று விட்டால் பானையின் உடம்பு சிவப்புக்குத் திரும்பும், இறுகிய பூச்சு கருப்பாகவே நின்றுவிடும். மூன்று கட்டமும் ஒரே எரிப்பில் முடியும்.

கேள்வி: அவர் குயவரா, ஓவியரா?

இரண்டும். வாடிகனில் உள்ள ஜாடியின் விளிம்பில் ‘எக்செக்கியாஸ் என்னை வரைந்தான், வனைந்தான்’ என்று பானையே பேசுகிறது. அந்த ஜாடியில் ட்ராய் போரின் கிரேக்க வீரர்கள் அக்கிலிசும் அயாக்சும் உட்கார்ந்து பகடை ஆடுகிறார்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு பழைய கிரேக்கப் பானை வருகிறது. வாங்கலாமா?

எங்கே, எப்போது தோண்டி எடுத்தது என்ற ஆவணம் இல்லையென்றால் தொடாதீர்கள். கல்லறையைத் திருடியவன் பானையோடு அதன் வரலாற்றையும் அழித்துவிடுகிறான்.

கேள்வி: கருப்பு மையை எதில் செய்தார்கள்?

முதல் பதிலைப் படியுங்கள். மை இல்லை, மண்.

கேள்வி: வாடிகன் ஜாடியில் அக்கிலிசும் அயாக்சும் ஆடுவது பகடை என்கிறீர்கள். காய் நகர்த்தும் ஆட்டமாக ஏன் இருக்கக்கூடாது?

பலகை ஆட்டம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் இருவர் வாயருகிலும் எழுத்து இருக்கிறது: அக்கிலிஸ் ‘நாலு’ என்கிறான், அயாக்ஸ் ‘மூணு’ என்கிறான். எண்ணைச் சொல்லிக் கூவுவது பகடை விழும்போதுதானே?

கேள்வி: காய் நகர்த்தவும் பகடை உருட்டலாமே, ஐயா! தாயம் அப்படித்தானே?

சரி, அதை ஏற்கிறேன். பலகை இருந்திருக்கலாம். ஆனால் தோற்பவன் அயாக்ஸ் என்பதை விட்டுத்தர மாட்டேன். அக்கிலிஸ் தலைக்கவசத்தோடு நிமிர்ந்து தெரிகிறான். அயாக்சின் கவசம் பின்னால் கேடயத்தின் மேல் கிடக்கிறது.

கேள்வி: ஒரு எண் குறைந்தால் தோற்றவனா? அடுத்த உருட்டலில் ஜெயிக்கலாமே?

விளையாட்டில் ஜெயிக்கலாம். பார்த்தவர்களுக்கோ கதை தெரியும். அக்கிலிஸ் இறந்தபின் அவன் ஆயுதங்கள் அயாக்சுக்குக் கிடைக்காமல் போகும், அயாக்ஸ் தற்கொலை செய்துகொள்வான். அதையும் எக்செக்கியாசே வரைந்தார்; பிரான்சில் பூலோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாளில் விழுந்து கிடக்கும் உடலைத்தான் மற்றவர்கள் வரைந்தார்கள். இவர் அதற்கு முந்தைய நொடியை எடுத்துக்கொண்டார். அயாக்ஸ் தனியாகக் குனிந்து, மண்ணில் நட்ட வாள் சாயாதபடி கையால் மண்ணை அணைக்கிறான். நெற்றிச் சுருக்கங்கள் கருப்பைச் சுரண்டிய சில கோடுகள்தான். பக்கத்தில் ஒரு பனைமரம், வேறு யாரும் இல்லை.