திறந்த பாடநூலின் பலனை எப்படி அளப்பது?
"திறந்த பாடநூலுக்கு மாறியும் வகுப்புச் சராசரி அசையவில்லை, அப்படியென்றால் பயனில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். திறந்த பாடநூல் என்றால் யாரும் இணையத்தில் இலவசமாக எடுத்துப் படிக்கவும் பகிரவும் கூடிய நூல். சராசரியை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலோர் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த பழைய நூலையும் எப்படியோ வாங்கியிருப்பார்கள். அவர்களுக்கு எதுவும் மாறவில்லை. வாங்க வழியில்லாமல், தேர்வுக்கு முந்தின நாள் தோழியிடம் இரவல் வாங்கிப் போனில் படமெடுத்துப் படித்த நாலைந்து பேருக்குத்தான் மாற்றம். சராசரியில் அது கரைந்துவிடும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 8 பாடங்களில் 21,822 மாணவர்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற அமைப்பின் இலவசத் திறந்த நூல்கள் வந்தபின் குறைந்த கிரேடு, தோல்வி, பாதியில் விடுவது சேர்ந்த விகிதம் இறங்கியது; பெல் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகை பெறும் ஏழை மாணவர்களிடம் இன்னும் அதிகமாக. பிரித்துப் பார்த்ததால்தான் அந்தக் கூடுதல் பலன் தெரிந்தது.

நீங்களும் உதவித்தொகைக்காரர்களைத் தனியாக எடுங்கள், நடுவில் விட்டவர்களையும் எண்ணுங்கள். ஆசிரியரும் வினாத்தாளும் மாறியிருந்தால் ஒப்பீடு நிற்காது.